அவர் கண்ணை மூடினார், நான் நடந்தேன்

என் கணவர் தியானம் செய்யத் தொடங்கியது ஒரு தண்ணீர் மோட்டாரால்.

கண்டி நகரத்தில் அவருக்குச் சின்னதாக ஒரு கடை உண்டு. மின்விசிறி, கிரைண்டர், தண்ணீர் இறைக்கும் மோட்டார் எல்லாம் திருத்திக் கொடுப்பார். எங்கள் மகளின் கருமாதி முடிந்து அவர் கடையைத் திறந்த வாரத்திலேயே, புசல்லாவைக்கு மேலே இருக்கும் ஒரு தியான நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. தோட்டத் துரை இருந்த பழைய பங்களா ஒன்றை யாரோ வாங்கி அப்படி மாற்றியிருந்தார்கள். மோட்டார் எரிந்துவிட்டது, வந்து தங்கியிருப்பவர்களுக்குக் குளிக்கத் தண்ணீர் இல்லை என்றார்கள். காலையில் போனவர் பின்னேரம் தொலைபேசி எடுத்தார்.

"மோட்டார் சரியாயிருச்சு. நான் இன்னைக்கு இங்கேயே இருந்துட்டு நாளைக்கு வர்றேன்."

"ஏன், பஸ் இல்லையா?"

"பஸ் இருக்கு" என்றார்.

மறுநாளும் அவர் வரவில்லை. அதற்கு அடுத்த நாள் வந்தார். வந்தவர் கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்து, நான் வைத்த சோற்றை மிச்சமில்லாமல் சாப்பிட்டார். மகள் போன பிறகு அவர் ஒழுங்காகச் சாப்பிட்டது அன்றைக்குத்தான். எனக்கு அதைப் பார்க்க ஆறுதலாகவும் இருந்தது, ஏதோ ஒரு மாதிரியாகவும் இருந்தது.

எங்களுக்கு அவள் ஒரே பிள்ளை. இருபது வயது. கணக்கியல் படிப்பில் அப்போதுதான் சேர்ந்திருந்தாள். மழை தொடங்கியதும் எங்கள் தெருவில் பல வீடுகளுக்கு டெங்கு வந்து போனது. எங்கள் வீட்டுக்கு வந்தது அவளையும் கொண்டு போய்விட்டது. காய்ச்சல் என்றதும் காட்டினோம், இரத்தம் சோதித்தோம், பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர்களும் தாதிமாரும் ஓடி ஓடிப் பார்த்தார்கள். யாரையும் குறை சொல்ல எங்களிடம் எதுவும் இல்லை. அதுவே ஒரு கஷ்டமாக இருந்தது. கோபப்படுவதற்கு யாராவது இருந்திருந்தால் அந்தக் கோபத்தைப் பிடித்துக்கொண்டாவது கொஞ்ச நாளை ஓட்டியிருப்பேன்.

அதன் பிறகு அவர் விடியற்காலையில் எழுந்து மகளின் அறைக்குப் போய் உட்காரத் தொடங்கினார். அவளுடைய கட்டிலுக்கும் மேசைக்கும் இடையில் ஒரு பெட்ஷீட்டை மடித்துப் போட்டு, சம்மணம் கொட்டி, கண்ணை மூடிக்கொண்டு இருப்பார். முதல் நாள் கதவைத் திறந்து பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. நெற்றி, கன்னம், வாய் எல்லாம் தூங்குகிறவருடையதைப் போலத் தளர்ந்து கிடந்தன. அந்த அறையில், அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு ஒரு மனிதரால் எப்படி அப்படி இருக்க முடியும்?

"என்ன செய்றீங்க உள்ள?" என்று தேத்தண்ணீர் கொடுக்கும்போது கேட்டேன்.

"மூச்சப் பார்க்கிறேன்."

"பார்த்து?"

"அவ்வளவுதான். உள்ள போறத, வெளிய வாறத. வேற ஏதாவது நெனப்பு வந்தா அது பாட்டுக்குப் போக விட்டுட்டு திரும்ப மூச்சுக்கு வந்திரணும்."

"அவ நெனப்பு வந்தாலும் போக விடணுமா?"

அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கடைக்குக் கிளம்பிவிட்டார்.

நானும் முயன்று பார்க்காமல் இல்லை. ஒரு நாள் அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து கண்ணை மூடினேன். மூடிய உடனே வார்டுதான் வந்தது. கடைசி நாளில் அவளுக்கு அளந்துதான் தண்ணீர் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். அவள் உதட்டை நக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள், கேட்கவில்லை. கேட்டால் எனக்குக் கஷ்டம் என்று கேட்காமல் இருந்தாள். அந்தப் பார்வை என் இமைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருந்தது. கண்ணைத் திறந்தால்தான் போகும். எழுந்து வெளியே வந்துவிட்டேன். அவர் அசையவில்லை.

கொழும்பிலிருக்கும் என் தங்கை ஃபோனில் ஏதோ ஒரு ஆப்பை அனுப்பி வைத்தாள். தமிழிலேயே பேசும், கேட்டுக்கொண்டே படுத்திரு என்றாள். ஒரு பெண் குரல், மிகவும் இனிமையாக, இப்போது ஒரு கடற்கரையை நினைத்துக்கொள்ளுங்கள் என்றது. எனக்குத் தெரிந்த கடற்கரை திருகோணமலைதான். மகள் சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்ததும் கூட்டிக்கொண்டு போயிருந்தோம். சல்வாரை முழங்கால் வரைக்கும் சுருட்டிக்கொண்டு அலையில் நின்றாள். அந்தக் குரல் அலைகளோடு சேர்ந்து மூச்சு விடச் சொன்னபோது நான் ஃபோனை அணைத்துவிட்டேன். கோயிலுக்குப் போனேன். ஐயர் உருத்திராட்ச மாலை ஒன்றைத் தந்து, ஐந்தெழுத்தைச் சொல்லி உருட்டிக்கொண்டு வாருங்கள் அம்மா, மனம் தானாக அடங்கும் என்றார். நான் அதை வெங்காயம் உரிப்பது போல உருட்டித் தள்ளினேன். ஒரு சுற்று முடிந்ததும் ஒரு வேலை முடிந்தது என்றிருந்தது. மனம் அடங்கவில்லை.

நான் மாநகர சபையில் வீட்டு வரிப் பகுதியில் எழுதுவினைஞராக இருக்கிறேன். என் மேசைக்குப் பக்கத்து மேசையில் மடவளையிலிருந்து வருகிற ஒரு முஸ்லிம் பெண் இருக்கிறாள். என்னைவிட வயதில் குறைந்தவள். மகள் போன பிறகு நான் வேலைக்குத் திரும்பிய நாளில் எல்லோரும் வந்து ஏதோ சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் மட்டும் ஒன்றும் சொல்லாமல், என் மேசையில் குவிந்திருந்த ஃபைல்களில் பாதியைத் தூக்கித் தன் மேசையில் வைத்துக்கொண்டாள். அவளிடம்தான் ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன், உங்கள் பக்கம் தியானம் என்று ஏதாவது உண்டா என்று.

"தியானம் எண்டு நீங்க சொல்றது என்னண்டு எனக்கு விளங்கல்ல அக்கா. நான் விடியச் சுபஹு தொழுதுட்டு அந்தப் பாயிலயே கொஞ்ச நேரம் இருப்பேன். திக்ர் ஓதுவேன். அல்லாஹ்ட பேர திருப்பித் திருப்பிச் சொல்றதுதான். அவ்வளவுதான்."

"மனசு ஒரு இடத்துல நிக்குமா?"

"எங்க நிக்கிற? வாய் ஓதும், மனசு பிள்ளைகள்ட சாப்பாட்டுப் பெட்டிக்குள்ள ஈக்கும்." சிரிக்காமல்தான் சொன்னாள். "வாப்பா மௌத்தான நேரம் ஓத ஓத அழுகதான் வந்திச்சி. அழுதுட்டே ஓதினேன். அழுகைய நிப்பாட்டிட்டு ஓதணும் எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரல்ல."

அன்றைக்கு அது எனக்குப் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. ஆனால் மறக்கவும் இல்லை.

எங்கள் வீடு அம்பிட்டியப் பாதைப் பக்கம், மேட்டில் இருக்கிறது. காலையில் பஸ்ஸில் நெரிபடப் பிடிக்காமல் கொஞ்சம் முன்னதாகவே கிளம்பி, வாவியைச் சுற்றிக்கொண்டு ஒஃபிசுக்கு நடக்கத் தொடங்கினேன். அந்த நேரத்தில் நடக்க வருகிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். மரங்களிலிருந்து நீர்க்காகங்கள் எச்சமிடும் என்பதால் சில இடங்களில் எல்லோரும் தலையில் கையை வைத்துக்கொண்டு ஓடுவார்கள். ஒரு நாள் தண்ணீருக்கு இறங்கும் படியில் உடும்பு மாதிரிப் பெரிய கபரகொய்யா ஒன்று வெயில் காய்ந்துகொண்டு கிடந்தது. "குட்டி, அங்க பாரு" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. அப்படித்தான் அவளைக் கூப்பிடுவேன். எதிரே வந்த ஆள் என்னையும் என் பக்கத்தில் இருந்த வெறும் இடத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார்.

சொன்ன பிறகுதான் கவனித்தேன், நெஞ்சில் ஏதோ கொஞ்சம் இறங்கியிருந்தது. மறுநாள் காதில் ஃபோன் வயரை மாட்டிக்கொண்டேன். இந்தக் காலத்தில் காதில் வயர் இருந்தால் யாரும் எதைப் பேசினாலும் பைத்தியம் என்று நினைக்கமாட்டார்கள். வயரின் மறுமுனை என் கைப்பைக்குள் சும்மா கிடக்கும். நான் அவளோடு பேசிக்கொண்டு நடப்பேன். பெரிதாக ஒன்றுமில்லை. தேங்காய் விலை ஏறியதை, அவளுடைய சிநேகிதி வீட்டுக்கு வந்து அலுமாரியைத் திறந்து பார்த்து அழுததை, அப்பாவுக்கு மறுபடியும் முழங்கால் வலி வந்ததைச் சொல்வேன். பதில் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவ்வளவு புத்தி கெட்டுப் போகவில்லை. ஆனால் பேசிக்கொண்டு நடக்கும் அந்தக் கொஞ்ச நேரம் அவள் ஆஸ்பத்திரியில் இல்லை. என் பக்கத்தில் நடந்து வந்தாள்.

என் கணவரின் கடைக்குப் பக்கத்துக் கடைக்காரர் என்னைக் கண்டிருக்கிறார். அக்கா காலையில் யாருடனோ ஃபோனில் பேசிக்கொண்டே போகிறார் என்று அவரிடம் சும்மா சொல்லியிருக்கிறார். அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் கணவர் கேட்டார்.

"யாரோட பேசுற?"

"குட்டியோட."

அவர் கதிரையில் உட்கார்ந்தார். சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

"இப்படியே பேசிக்கிட்டிருந்தா எப்படி? என்னைக்காவது விடணும்தானே."

"நீங்க விட்டுட்டீங்க. எனக்கு ஏலாது."

"நான் விட்டேன்னு உனக்கு யாரு சொன்னா?"

"உங்க மூஞ்சி சொல்லுது. அவ கட்டில் பக்கத்துல உட்காந்து நீங்க வச்சிருக்கிற மூஞ்சி."

அதன் பிறகு கொஞ்ச நாள் நாங்கள் சாப்பாட்டுக்கும் சாவிக்கும் மட்டும்தான் பேசினோம். இருபது வருஷத்துக்கு மேல் ஒரே வீட்டில் இருக்கிறோம். சண்டை போடத் தெரியாதவர்கள் அல்ல. ஆனால் இது சண்டை இல்லை. ஒரே பிள்ளைக்காக இரண்டு பேர் இரண்டு வீட்டில் இழவு காத்தது போல இருந்தது.

பௌர்ணமிப் போயா தினத்தோடு சேர்ந்து ஒரு நீண்ட விடுமுறை வந்தது. அவராகவே கேட்டார்.

"ஒரு தடவ என்னோட வந்து பாரு. பிடிக்கலேன்னா இனிமே கேட்க மாட்டேன்."

போனேன். அவர் போகிற இடம் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும் என்றிருந்தது. உண்மையைச் சொன்னால், என்னிடமிருந்து அவரை எடுத்துக்கொண்டது எது என்று பார்க்கத்தான் போனேன்.

புசல்லாவையில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஆட்டோவில் தேயிலைக்கு நடுவே ஏறினோம். பங்களாவைச் சுற்றிப் பெரிய மரங்கள். வாசலிலேயே ஃபோன்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஞாயிறு பின்னேரம் வரைக்கும் யாரும் யாரோடும் பேசக் கூடாது. பெண்களுக்கு ஒரு பக்கம், ஆண்களுக்கு ஒரு பக்கம். துரைமார் விருந்து வைத்த பெரிய மண்டபத்தில் மெத்தைகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். அவர் முன் வரிசையில் தனக்கென்று ஓர் இடம் இருப்பது போல நேராகப் போய் உட்கார்ந்தார். நான் பின்னால், கதவுக்குக் கிட்ட.

உட்காருவதோடு நடப்பதற்கும் நேரம் ஒதுக்கியிருந்தார்கள். அதைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. புல்தரையில் மெதுவாக, அங்கிருந்து இங்கே, இங்கிருந்து அங்கே. ஆனால் காலைத் தூக்குவதையும் வைப்பதையும் மட்டும்தான் கவனிக்க வேண்டுமாம். என்னையறியாமல் என் உதடு அசைந்திருக்கிறது. அங்கே உதவிக்கு இருந்த ஒரு பெண் பக்கத்தில் வந்து, மிகவும் அன்பாகச் சிரித்து, தன் வாயில் விரலை வைத்துக் காட்டினாள். நடப்பதையும் என்னிடமிருந்து வாங்கி அந்த ஃபோன் பெட்டிக்குள் போட்டு மூடியது போல இருந்தது.

நடத்துகிறவர் பிக்கு அல்ல, ஓய்வு பெற்ற ஒரு சிங்கள எஞ்சினியர். எல்லோரும் மரியாதையாகச் சேர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டுக் கொஞ்ச நேரம் பேசுவார். எனக்குச் சிங்களம் ஒஃபிஸ் வேலைக்குப் போதுமான அளவு வரும். கண்ணை மூடினால் மகள் சாகிறது தெரிகிறது என்று நேராகவே சொன்னேன். என் கணவரின் மகள்தான் அது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"அப்படியென்றால் மூட வேண்டாம்" என்றார். "தரையைப் பார்த்துக்கொண்டு இருங்கள்."

"இருந்தால் சரியாகிவிடுமா?"

"எனக்குத் தெரியாது" என்றார். "இது எல்லாருக்கும் ஒத்துவரும் என்று நான் சொல்லமாட்டேன். என் மனைவி ஒரு நாள்கூட இங்கே வந்து உட்கார்ந்ததில்லை. வரச்சொல்லி நானும் கேட்பதை விட்டுவிட்டேன்."

அவரை வெறுக்கலாம் என்று போயிருந்தேன். முடியவில்லை.

மறுநாள் காலை மண்டபத்தில் உட்கார்ந்திருந்தோம். வெளியே மூடுபனி, ஜன்னலில் ஒன்றும் தெரியவில்லை. நான் சேர் சொன்னபடி தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பலகைத் தரையில் ஒரு விரிசல் ஓடியது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூச்சு உள்ளே போனது, வெளியே வந்தது. கொஞ்சம் அடங்கியது போலக்கூட இருந்தது. அப்போது எனக்கு முன்னால் எங்கேயோ இருந்த ஓர் இளம் பெண் இருமினாள். தொண்டை வறண்ட இருமல், இரண்டு தரம் அடக்கி, மூன்றாவது தரம் அடக்க முடியாமல் வருகிற இருமல்.

"என்ன குட்டி, தண்ணி வேணுமா?" என்றேன்.

மனதுக்குள் இல்லை, வாய்விட்டு. வீட்டில் குசினியில் சமைத்துக்கொண்டே அறைக்குக் கேட்கக் கூப்பிடுகிற மாதிரி. அந்த அமைதியில் அது மண்டபம் முழுக்கக் கேட்டது.

ஒருவரும் திரும்பவில்லை. அதுதான் அங்கே மரியாதை என்று இப்போது எனக்குத் தெரியும். ஆனால் நான் பார்த்தது முன் வரிசையில் இருந்த ஒரு முதுகை மட்டும். அந்தக் கூட்டத்தில் குட்டி யார் என்று தெரிந்த ஒரே ஆள் அவர். அந்த முதுகு நிமிர்ந்தபடியே இருந்தது. தோள்கூட அசையவில்லை.

எழுந்து போனேன். பையை எடுத்தேன், ஃபோனை வாங்கிக்கொண்டேன், தேயிலைக்கு நடுவே பாதையில் இறங்கினேன். உதவிக்கு இருந்த பெண் கொஞ்ச தூரம் கூடவே வந்தாள். நான் தலையை ஆட்டியதும் நின்றுவிட்டாள். கொழுந்து பறிக்கிறவர்கள் கூடையோடு ஏறி வந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ரோட்டுக்கு இந்தப் பக்கம் எறங்குங்கம்மா, அது வழுக்கும்" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கு எனக்கு அழுகை வந்துவிட்டது.

மெயின் ரோட்டில் பஸ் ஹோல்டில் உட்கார்ந்திருந்தேன். நுவரெலியாவிலிருந்து கண்டிக்குப் போகிற பஸ் ஒன்று நிற்காமல் போனது. அடுத்ததற்குள் அவர் வந்துவிட்டார். வெள்ளைச் சாரமும் சேர்ட்டுமாக, காலில் பாத்ரூம் செருப்பு. மேலேயிருந்து வேகமாக இறங்கி வந்திருக்கிறார், முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெஞ்சில் எனக்கும் அவருக்கும் நடுவில் என் பையை வைத்திருந்தேன். அதை எடுக்காமல் அந்தப் பக்கம் உட்கார்ந்தார்.

"கேட்டுச்சா உங்களுக்கு?" என்றேன்.

"கேட்டுச்சு."

"கேட்டும் திரும்பல."

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு லொறி போனது.

"நீ கூப்பிட்ட விதத்துல ஒரு நிமிஷம் அவ அங்க இருக்கான்னு நெனச்சிட்டேன்" என்றார். "திரும்பினா இருக்க மாட்டா. திரும்பாத வரைக்கும் இருப்பா. அதுதான்."

நடுவில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"நீ நெனக்கிற மாதிரி எனக்கு அங்க ஒரு நிம்மதியும் இல்ல. முக்காவாசி நேரம் கால் வலி. நெனப்பு எங்கெங்கயோ போகும். ஆனா எப்பவாவது கொஞ்ச நேரம், ரொம்பக் கொஞ்ச நேரம், அவ இல்ல. செத்துப் போனான்னும் இல்ல, இருந்தான்னும் இல்ல. ஒண்ணுமே இல்ல. அதுக்காகத்தான் போறேன். உன்கிட்ட எப்படிச் சொல்ல? பெத்தவ கிட்டப் போயி, அவ இல்லாத எடத்துக்குப் போறேன்னு எப்படிச் சொல்ல?"

நான் நினைத்திருந்தது சரிதான். அவர் அவளை விட்டுப் போகத்தான் உட்கார்ந்தார். சரியென்று தெரிந்தபோது எனக்கு வர வேண்டிய கோபம் வரவில்லை. வலித்தது. ஆனால் அந்த வலி அவர் மேல் இல்லை.

"எனக்கு அந்த நேரம் வேணாம்" என்றேன். "ஒரு நிமிஷம்கூட வேணாம். எனக்கு அவ வேணும்."

"தெரியும்."

"அப்ப என்னைக் கூப்பிடாதீங்க."

"இல்ல. இனிமே கூப்பிடல."

"இன்னொண்ணு. அந்த அறையில உட்காராதீங்க. அவ இல்லாத எடம் வேணும்னா வேற எங்கேயாவது உட்காருங்க. அது அவ அறை."

அவர் தலையை ஆட்டினார். பஸ் வந்தது. அவர் எழுந்தபோது நான்தான் தடுத்தேன். "உங்க சாமான் மேல இருக்கு. நாளைக்கு முடிச்சிட்டே வாங்க." அது கோபத்தில் சொன்னதில்லை, அவருக்கும் அது புரிந்தது. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கம்பளை வரைக்கும் எதுவும் பேசாமல், அவளோடும் பேசாமல், வளைவுகளில் உடம்பு சாய்கிற பக்கம் சாய்ந்துகொண்டே வந்தேன். பேராதனைக்குக் கிட்ட வரும்போது, அப்பா பாத்ரூம் செருப்போடு ஓடி வந்தார் குட்டி என்று சொன்னேன்.

அவர் திரும்பி வந்த பிறகு மகளின் அறையில் உட்காரவில்லை. பெட்ஷீட்டைத் துவைத்து அவள் கட்டிலில் விரித்துவிட்டார். கடையை வழக்கத்தைவிட முன்னதாகத் திறந்து, ஷட்டரைப் பாதி தூக்கி வைத்துக்கொண்டு, கழற்றிப் போட்ட மின்விசிறிகளுக்கு நடுவில் உட்காருவார் என்று தெரியும். நான் போய்ப் பார்த்ததில்லை. நான் வாவியைச் சுற்றினேன்.

சில மாதம் கழித்து ஒரு காலையில், ஒஃபிஸ் படியேறும்போதுதான் உறைத்தது, அன்றைக்கு வழி முழுக்க நான் அவளோடு ஒரு வார்த்தையும் பேசவில்லை. மழை வரப் போகிறதா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு நடந்திருக்கிறேன். அவ்வளவுதான். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மேசைக்கு வந்து கையை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன். மடவளைப் பெண் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டாள். சொன்னேன்.

"மறந்துட்டேன். இன்னைக்கு அவள மறந்துட்டேன்."

அவள் தன் கதிரையை இழுத்து என் பக்கத்தில் போட்டாள். "நானும் சில நாள் ஓத மறந்துட்டு எழும்பிப் போயிடுவேன் அக்கா. பேந்து ஞாபகம் வந்தா குசினியில நிண்டுட்டு ஓதுவேன். மறந்தது ஒரு பக்கம் ஈக்கட்டும். இப்ப பேசுங்களே."

அந்த ஒஃபிஸில், வரி கட்ட வந்தவர்கள் வரிசையில் நிற்க, நான் குனிந்துகொண்டு மெல்ல, குட்டி, மழை வரும் போல இருக்கு என்றேன். மடவளைப் பெண் என் முன்னால் ஒரு ஃபைலைப் பிடித்து மறைத்துக்கொண்டாள்.

ஆண்டுத் திவசம் வந்தது. ஐயர் வந்து போனார், சொந்தக்காரர்கள் சாப்பிட்டுப் போனார்கள். பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டுக் குசினியில் நின்றேன். அவர் வாசற்படியில் வந்து நின்றார்.

"ஒண்ணு சொல்லவா?" என்றார். "அவ சின்னதுல ஒரு தடவ நீ அவளக் கடையில விட்டுட்டு டவுனுக்குச் சாமான் வாங்கப் போன. ஞாபகமிருக்கா?"

அப்படிப் பல தடவை விட்டிருக்கிறேன்.

"திருத்தி வச்ச மின்விசிறி முன்னால உட்காந்து ஆ ஆ-ன்னு கத்திக்கிட்டே இருந்தா. குரல் துண்டு துண்டா வரும்ல, அது அவளுக்குப் பிடிச்சிருச்சு. வந்த ஆளு விசிறிய எடுத்துட்டுப் போகணும்ங்கிறான், இவ விட மாட்டேங்கிறா. கடைசியில அந்த ஆளும் பக்கத்துல குந்திக்கிட்டு கத்தினான். ரெண்டு பேரும். நான் உன்கிட்டச் சொல்லவே இல்ல, நீ திட்டுவேன்னு."

எனக்குத் தெரியாது. அவளைப் பற்றி எனக்குத் தெரியாத ஒன்று. அவள் போன பிறகு, இனிப் புதிதாக ஒன்றும் கிடைக்காது, இருப்பதையே திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டியதுதான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"இது எப்ப ஞாபகம் வந்துச்சு?"

"காலையில உட்காந்திருக்கப்போ. போக விடணும். விடல. எடுத்துட்டு வந்துட்டேன்."

அதற்குப் பிறகு அவர் சில நாள் அப்படி எதையாவது கொண்டுவருவார். வேலை முடிந்து வந்து, முகம் கழுவிவிட்டு, குசினி வாசலில் நின்று சொல்வார். சில சின்ன விஷயங்கள், சில எனக்கு முன்பே தெரிந்தவை. தெரிந்ததென்று நான் சொல்வதில்லை. பல நாட்களில் ஒன்றும் இருக்காது. நேற்றும் அப்படித்தான். நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன்.

"இன்னைக்கு ஒண்ணும் வரல" என்றார்.

"பரவாயில்ல" என்று சொல்லி இஞ்சியைத் தட்டிப் போட்டேன். இரண்டு பேரும் நின்றபடியே தேத்தண்ணீரைக் குடித்தோம்.